பாதியில் நிறுத்தினாலும் பாழாகாத காட்சியமைப்பு: மாதிரி ரயில் தளத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் ஏழாவது மாடியில் எங்கள் வீடு. பின்னறையில், துணி காயப்போடும் கொடிக்கும் மகளின் படிப்பு மேசைக்கும் நடுவே, 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட என் ரயில் தளம் இருக்கிறது. தண்டவாளம் போட்டு ரயில் ஓட்ட ஒரு மாதம்தான் பிடித்தது. அதைச் சுற்றி மண்ணும் புல்லும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டமும் எழுப்ப மூன்று ஆண்டுகள் ஆயின.

வேலை அவ்வளவு கடினமானது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மேல்வீட்டுக் குழாய் கசிந்து என் மலை ஊறிப்போனது. மகளுக்குத் தேர்வு வந்தது, எனக்கு இரவு வேலை வந்தது. ஒவ்வொரு முறையும் வேலையை விடக்கூடாத கட்டத்தில் விட்டுவிட்டு எழுந்தேன். திரும்பி வந்தபோது விட்ட இடம் கெட்டுப்போயிருந்தது. பிறகு என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியோடும் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும்: இந்த வேலையை எங்கே நிறுத்தலாம்? ஒரு மாதம் தொடாமல் விட்டாலும் கெடாத கட்டத்தை 'நிறுத்துமிடம்' என்று அழைக்கிறேன். அது எது என்று தெரியாமல் எந்த டப்பாவையும் திறக்காதீர்கள்.

அளவைப் பற்றி ஒரு குறிப்பு. என்னுடையவை ஜப்பானிய 'என்' வகை ரயில்கள். இரு தண்டவாளங்களுக்கு நடுவே 9 மில்லிமீட்டர், விகிதம் 1:150. உண்மையில் ஒரு மீட்டர் இருப்பது இங்கே 6.7 மில்லிமீட்டர். நீங்கள் 'எச்ஓ' வகை, அதாவது 1:87 வைத்திருந்தால் ஒரு மீட்டருக்கு 11.5 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் சேகரிக்க வேண்டியவை

பாதி வேலையில் பொருள் தீர்ந்து கடைக்கு ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கடைக்குப் போனவர் அன்று திரும்பி உட்காருவதில்லை. கீழே உள்ளவை அனைத்தும் ஒரே பெட்டியில் இருக்கட்டும்.

9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, வெப்பத்தடுப்புக்குப் பயன்படும் 25 மில்லிமீட்டர் கனமுள்ள அடர்த்தியான நுரைப்பலகை, வெள்ளை மரப்பசை ஒரு பெரிய டப்பா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், தண்ணீர் தெளிக்கும் புட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள், தேநீர் வடிகட்டி, நல்ல காந்தம், சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) ஒரு கட்டு, வண்ணம் படாமல் மறைக்க ஒட்டும் காகித டேப்.

இவற்றோடு ஈரப்பதமானி ஒன்றும் வாங்குங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்குத் தேவைப்படுவதும் இல்லை. கோலாலம்பூரில் அடைமழை பெய்யும் மாலையில், அவர்கள் 'ஓர் இரவில் காயும்' என்று எழுதிய பசை மூன்றாம் நாளும் பால் நிறத்தில் இருக்கும். ஜன்னலை அடைத்த பிறகும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காத நாளில் நான் ஒட்டும் வேலை எதையும் தொடங்குவதில்லை. அன்று மரம் செய்கிறேன்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. அழுத்திச் செய்த மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பிவிடும். மீன் பெட்டிகளில் வரும் வெள்ளை நுரை மணி மணியாக உதிர்ந்து அறை முழுவதும் பறக்கும். செய்தித்தாளும் மைதாப் பசையும் பள்ளிக்கூட மாதிரிகளுக்குச் சரி. இங்கே அது கரப்பானுக்கும் எறும்புக்கும் விருந்து, பூஞ்சைக்கு வீடு.

2. நிலத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

எல்லோரும் தளத்தின் மேலேயே நேராகக் குன்றையும் வயலையும் கட்டத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். விளைவு: ஒவ்வொரு முறையும் முழுத் தளத்தையும் திறந்து, தண்டவாளத்தை மூடி, வேலை முடிந்ததும் பின்னறையைப் பெருக்க வேண்டியிருந்தது. அரை மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஏற்பாடு என்றால் யாருக்கும் கை வராது.

இப்போது தண்டவாளமும் அதை ஒட்டிய ஜல்லியும் மட்டும் பலகையோடு நிரந்தரமாக இருக்கின்றன. மற்ற நிலம் முழுவதும் கழற்றி எடுக்கக்கூடிய ஆறு துண்டுகள். பெரிய துண்டுகூட 30 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேல் போகாது. உணவு மேசையில் வைத்து வேலை செய்யலாம், விருந்தாளி வந்தால் அலமாரிக்கு மேலே ஏற்றிவிடலாம். குழாய் கசிந்தபோது நான் இழந்தது ஒரு துண்டு மட்டும்தான்.

துண்டுகள் சேரும் கோடு தெரியாமல் இருக்க, உண்மையான நிலத்திலேயே கோடு இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டுங்கள். மழைநீர் வடிகாலின் ஓரம், தோட்டத்துச் செம்மண் சாலையின் விளிம்பு, வேலி ஆகிய மூன்றும் போதும். திறந்த புல்வெளியின் நடுவே வெட்டினால் என்ன செய்தாலும் கீறல் தெரியும்.

ஒட்டுப்பலகையின் மேல், கீழ், நான்கு விளிம்பு எல்லாவற்றுக்கும் இரண்டு கை (இரண்டு கோட்) வார்னிஷ் பூசுங்கள். ஈரம் முதலில் நுழைவது விளிம்பில்தான். பலகையைச் சுவரோடு ஒட்டித் தரையில் சாய்த்து வைக்காதீர்கள். கரையான் வருவது அந்த வழியாகத்தான்.

3. பசையைத் தொடும் முன் ரயிலை ஓட்டுங்கள்

குறைந்தது இரண்டு வாரம் வெறும் பலகையில் ரயில் ஓடட்டும். மின்சாரம் சரியாகப் பாயாத இணைப்பும் தடம் புரளும் வளைவும் அந்த நாட்களில் தெரிந்துவிடும். ஜல்லி போட்ட பிறகு தெரிந்தால் கொத்தி எடுக்க வேண்டும். மின்கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் வேலை எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள், சூடான கருவி நுரைப்பலகைக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

அடுத்தது இடைவெளிச் சோதனை. உங்களிடம் இருக்கும் மிக நீளமான பெட்டியை எடுத்து, அதன் நடுப்பக்கத்திலும் இரு முனைகளிலும் சிறிய பென்சில் துண்டுகளை டேப்பால் ஒட்டுங்கள். நுனிகள் பலகையைத் தொட வேண்டும். பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு முழு வட்டமும் போங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கமும், முனைகள் வெளிப்பக்கமும் ஒதுங்கும். பென்சில் வரைந்த இரு கோடுகளுக்கு நடுவே சுவரோ, மரமோ, சுரங்கப்பாதையின் வாயோ வரக் கூடாது.

ஒரு தம்பி இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அழகான சுரங்கப்பாதை ஒன்றைக் கட்டினார். சிறிய இன்ஜின் போனது, பயணிகள் பெட்டி வாயில் இடித்து நின்றது. வாயை உடைத்துத் திரும்பக் கட்ட அவருக்கு ஐந்து வாரம் ஆனது.

4. மேடும் பள்ளமும்

நுரைப்பலகையைத் துண்டின் அளவுக்கு வெட்டி அடுக்கடுக்காக ஒட்டுங்கள். இரண்டு நுரைப்பலகைகளுக்கு நடுவே வெள்ளைப் பசைக்குக் காற்றுப் படாது. அதனால் முழுப் பரப்பிலும் பூசினால் ஒரு வாரம் கழித்தும் ஈரமாக இருக்கும். ஆங்காங்கே சிறு பொட்டுகளாக வைத்து, சாத்தே குச்சிகளைக் குறுக்காகக் குத்தி நிறுத்துங்கள். குச்சி பிடித்துக்கொள்வதால் பசை காயக் காத்திருக்காமல் செதுக்கத் தொடங்கலாம்.

நீண்ட அலகுள்ள கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். கூர்மை போன அலகு நுரையைப் பிய்த்துவிடும்; நான் பத்துப் பதினைந்து வெட்டுக்கு ஒரு முறை அலகை உடைத்துப் புதுமுனை எடுத்துக்கொள்கிறேன். கரைப்பான் கலந்த பசையும் டப்பாவில் வரும் தெளிப்பு வண்ணமும் நுரையை உருக்கிவிடும் என்பதால் இரண்டையும் இந்த அறைக்கே கொண்டுவராதீர்கள்.

நம் நிலத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் சமதரையிலிருந்து திடீரென்று செங்குத்தாக எழுகின்றன, உச்சியில் மட்டும் செடி அடர்ந்திருக்கும். சிலாங்கூர்த் தோட்டங்களின் நிலமோ தாழ்ந்த அலைபோல ஏறி இறங்குவது. இரண்டையும் ஒரே துண்டில் கலந்தால் எந்த ஊராகவும் தோன்றாது.

செதுக்கி முடித்து, தூசியை உறிஞ்சி எடுத்த நிலை மிக நல்ல நிறுத்துமிடம். நுரையை ஈரம் ஒன்றும் செய்யாது.

5. பிளாஸ்டர் பூசுதல்: இடையில் எழ முடியாத வேலை

எல்லாப் படிகளிலும் நிறுத்துமிடமே இல்லாத படி இது ஒன்றுதான். தொடங்கினால் ஒரு மணி நேரம் யாரும் உங்களை அழைக்கக் கூடாது. வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து வையுங்கள். நான் ஒரு ஞாயிறு காலை கை இரண்டும் பிளாஸ்டராக இருக்கும்போது குழாயைத் திறந்தேன். வட்டாரம் முழுவதும் தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது. கையிலும் கிண்ணத்திலும் இருந்ததெல்லாம் கெட்டியானது. அன்றிலிருந்து வாளி இல்லாமல் பையைப் பிரிப்பதில்லை.

சமையலறைக் காகிதத் துண்டுகளை 10 சென்டிமீட்டர் அளவில் முன்னரே கிழித்து வையுங்கள். ரப்பர் கிண்ணத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு பங்கு பிளாஸ்டரைத் தூவுங்கள். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பைக்கு மேல் கலக்காதீர்கள்: பத்து நிமிடத்தில் அது இறுகத் தொடங்கும்.

காகிதத்தைக் கலவையில் தோய்த்து நுரையின் மேல் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி போர்த்துங்கள். நுரையின் படிகளும் வெட்டுத் தடங்களும் மறையும், மேலே ஒட்டப்போகும் மண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கலவை இறுகியதும் கிண்ணத்தை அழுத்தினால் மிச்சம் ஓடாகப் பெயர்ந்துவிடும். அதைக் குப்பையில் போடுங்கள். தொட்டியில் கழுவினால் குழாய்க்குள் கல்லாகிவிடும். பழைய துகள் ஒட்டியிருக்கும் கிண்ணத்தில் புதுக்கலவை போட்டால் அது வழக்கத்தைவிட வேகமாக இறுகும். பிரித்த பையை இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றாவிட்டால், காற்றின் ஈரத்தைக் குடித்த பொடி அடுத்த முறை இறுகவே இறுகாது.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புறங்கையைப் பிளாஸ்டரின் மேல் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அறையின் வெப்பத்திலேயே இருந்தால் காய்ந்துவிட்டது. என் வீட்டில் மழைக்காலத்தில் இதற்கு ஐந்து நாள் வரை ஆகிறது. சில்லென்று இருக்கும்போதே வண்ணம் பூசியவர்களின் துண்டில் இரண்டாம் மாதம் சாம்பல் நிறப் பொட்டுகள் எழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

6. நிறமும் மண்ணும்

பிளாஸ்டர் வெள்ளை ஒரு பொட்டும் தெரியாதபடி முழுத் துண்டுக்கும் மண் நிற வண்ணம் பூசுங்கள். அடிப்பக்கத்துக்கும் ஒரு கை பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறிக் காய்ந்தால் மெல்லிய துண்டு வளைந்துவிடும்.

மண்ணை விலை கொடுத்து வாங்க வேண்டாம். நம் செம்மண்ணின் நிறம் எந்தப் பாக்கெட்டிலும் வருவதில்லை. அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் சாலையோர மேட்டிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்துவந்ததுதான் என் தளம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

ஆனால் அப்படியே தூவிவிடக் கூடாது. பழைய வாணலியில் போட்டு, ஆவி எழுவது நின்ற பிறகும் அரை மணி நேரம் சிறு தீயில் வறுங்கள். பூச்சி முட்டையும் பூஞ்சை வித்தும் இதில்தான் சாகும். சமையலுக்கு அந்த வாணலியைத் திரும்ப எடுக்காதீர்கள். ஆறியதும் தேநீர் வடிகட்டியில் சலியுங்கள், பிறகு நைலான் காலுறையில் இன்னொரு முறை. 1:150-இல் ஒரு மில்லிமீட்டர் மணல் துகள் என்பது 15 சென்டிமீட்டர் பாறை.

கடைசியாகக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சலித்த மண்ணுக்குள் நான்கைந்து முறை இழுங்கள். பையின் வெளிப்புறத்தில் கருப்புத் துகள்கள் மீசைபோல நிற்கும். இன்ஜின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. இந்தத் துகள்கள் அங்கே போய் ஒட்டினால் மோட்டார் கெடும். பையைப் புறம் திருப்பிக் காந்தத்தை வெளியே எடுத்துவிட்டு, துகளோடு பையை எறிந்துவிடுங்கள். கடற்கரை மணலானால் வறுக்கும் முன் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பைப் போக்க வேண்டும்.

வெள்ளைப் பசையைத் தூரிகையால் பூசி, அதன்மேல் வடிகட்டியைத் தட்டித் தட்டி மண்ணைத் தூவுங்கள். ஒட்டிய மண் காய்ந்த பிறகு ஒரு படி கருத்துப் போகும். அதனால் ஒரு கழிவுத் துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

வடித்த தேயிலைத் தூள், காப்பித் தூள், மரத்தூள் ஆகியவற்றைப் பலர் பரிந்துரைப்பார்கள். குளிர்நாட்டில் அவை பல ஆண்டு இருக்கலாம். நான் தேயிலைத் தூளால் செய்த காட்டுத் தரையை விட்டுவிட்டு அம்மாவுடன் மருத்துவமனையில் இருந்தேன். ஏழு வாரம் கழித்து அறையைத் திறந்தால் துண்டின் மேல் பஞ்சு வளர்ந்திருந்தது. முழுவதையும் சுரண்டி எடுத்தேன். இப்போது செடிகொடிச் சரக்கு எதையும் தரையில் போடுவதில்லை.

7. ஜல்லி

மண் காய்ந்த பிறகு ஜல்லி, ஜல்லிக்குப் பிறகு புல். வரிசை மாறக் கூடாது. உண்மையான பாதையில் மண்ணின் மேல் ஜல்லி கொட்டியிருக்கும், ஜல்லியின் விளிம்பைப் புல் ஏறி மறைத்திருக்கும். நீங்கள் புல்லை முதலில் வைத்தால் ஜல்லி புல்லின் மேல் கிடக்கும். எதனால் தவறாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும்.

கல் பெரிதாக இருப்பதுதான் அடுத்த பெருந்தவறு. உண்மையில் 5 சென்டிமீட்டர் கல் 1:150-இல் 0.33 மில்லிமீட்டர். கடையில் 'நடுத்தரம்' என்று விற்பது நமக்குப் பாறாங்கல்.

ஒரே மூச்சில் முழுப் பாதையையும் போடாதீர்கள். ஒட்டாத ஜல்லியை அப்படியே விட்டு எழ முடியாது. விசிறிக் காற்று போதும், சுவர்ப் பல்லி ஒருமுறை ஓடினால் போதும். 30 சென்டிமீட்டர் அளந்து டேப் ஒட்டி, அந்த அளவை மட்டும் தொடங்கி முடியுங்கள். எனக்கு அது நாற்பது நிமிட வேலை.

தண்டவாளத்தின் நடுவிலும் ஓரங்களிலும் கல்லைத் தூவி, மென்மையான தூரிகையால் ஒதுக்குங்கள். தூரிகைக் காம்பால் தண்டவாளத்தை லேசாகத் தட்டினால் மேலே ஏறி நிற்கும் கற்கள் இறங்கிவிடும். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் மேல்முகம் தெரிய வேண்டும்.

அதன்மேல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமபங்காகக் கலந்து, புகைபோல உயரத்திலிருந்து தெளியுங்கள். அடுப்பும் ஊதுவத்தியும் பக்கத்தில் எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். இந்த ஈரம் இல்லாமல் பசையை விட்டால் அது முத்து முத்தாக உருண்டு கல்லைச் சுருட்டிக்கொண்டு போகும். பிறகு வெள்ளைப் பசையும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு விட்டு, சிரிஞ்சால் ஓரத்திலிருந்து விடுங்கள். கற்களுக்கு நடுவே பால் எட்டிப்பார்க்கும்வரை விட வேண்டும். குறைத்தால் மேல்தோல் மட்டும் பிடித்து, உள்ளே மணலாகவே இருக்கும்.

தடம் மாற்றும் பாயின்ட்டின் நகரும் அலகுகளுக்குப் பக்கத்தில் சிரிஞ்சைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கல்லைக் குறைவாக வைத்து, பல்குத்தும் குச்சி நுனியால் பசையைத் தொட்டு வையுங்கள். காயும்வரை அரை மணிக்கு ஒருமுறை பாயின்ட்டை இரு பக்கமும் நகர்த்துங்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு பாயின்ட்டையாவது கல்லோடு கட்டியிருக்கிறார்கள். அப்படி ஆனால் இழுக்காதீர்கள். ஆல்கஹாலை விட்டு ஊறவைத்தால் பசை இளகும்.

முடி உலர்த்தும் கருவியால் காயவைக்க நினைப்பவர்களுக்கு: கல் பறக்கும். விசிறியைத் தள்ளி வைத்து இரண்டு நாள் பொறுங்கள். பிறகு தண்டவாளத்தின் மேல்முகத்தை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து ரயிலை ஓட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். இரும்புப் பஞ்சு கூடவே கூடாது. அதன் இழைகளும் மோட்டாரைத் தேடித்தான் போகும்.

8. புல்

நிலைமின்னூட்டக் கருவியால் செயற்கைப் புல் இழைகளை நட்டுக்குத்தாக நிற்கவைப்பதுதான் இன்று வழக்கம். இங்கே இடறுவது ஈரம். காற்றில் திறந்து வைத்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாக விழும். சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள், மழை நின்ற மதிய வேளையில் வேலை செய்யுங்கள்.

நீளத்தை ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 2 மில்லிமீட்டர் இழை 30 சென்டிமீட்டர் புல். வீட்டு முற்றத்துக்கும் கோயில் திடலுக்கும் அது சரி. ரயில் பாதையோரத்து லாலாங் புல் இடுப்பளவு வளர்வது. அதற்கு 6 மில்லிமீட்டர் இழை வேண்டும், பச்சையோடு வைக்கோல் நிறமும் கலக்க வேண்டும். முழுத் துண்டுக்கும் ஒரே பச்சையைப் போட்டால் கம்பளம் விரித்ததுபோல இருக்கும்.

கருவியின் கம்பியை ஈரப்பசையில் குத்திய ஆணியில் மாட்டுங்கள், தண்டவாளத்தில் மாட்டாதீர்கள். அந்த மின்னழுத்தம் இன்ஜினுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லைக் கெடுத்துவிடலாம். துண்டு உணவு மேசையில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. பசையை உள்ளங்கை அளவு மட்டும் பூசி, இழை வைத்து முடித்துவிட்டு அடுத்த உள்ளங்கைக்குப் போங்கள். கதவு மணி அடித்தால் நிம்மதியாக எழலாம்.

9. செம்பனை

வெளிநாட்டுப் பெட்டிகளில் தேவதாரு கிடைக்கும், தென்னை கிடைக்கும். செம்பனையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த பதினேழு மரங்கள் இன்றும் தளத்தில் நிற்கின்றன. ஒரு சிறிய டப்பாவில் கத்தரிக்கோல், காகிதம், மெல்லிய கம்பி, பசை மட்டும் இருந்தால் எங்கேயும் செய்யலாம்.

வளர்ந்த மரத்தின் மட்டை ஏறக்குறைய 7 மீட்டர், நமக்கு 47 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, நடுவே மெல்லிய கம்பியை வைத்து ஒட்டி மடியுங்கள். காய்ந்ததும் ஈட்டி முனைபோல வெட்டி, ஓரத்திலிருந்து கம்பிவரை சாய்வாக நெருக்கமாய்க் கத்தரியுங்கள். பிரித்து வளைத்தால் ஓலை விரியும். செம்பனை ஓலை தென்னை ஓலைபோலச் சீராகப் படிந்திருக்காது; இலைகள் பல திசையில் துருத்தி நிற்கும். எனவே வெட்டிய இழைகளை விரலால் கலைத்துவிடுங்கள். இந்தக் கலைப்பைச் செய்யாதவர்களின் மரங்கள் எல்லாம் தென்னையாகத்தான் தெரிகின்றன.

தண்டுக்கு ஒரு சாத்தே குச்சி. 8 மீட்டர் தண்டு என்றால் 53 மில்லிமீட்டர், மண்ணில் இறங்க இன்னொரு 20. குச்சியைச் சுற்றிக் கயிற்றுப் பிரியைப் பசையில் தோய்த்துச் சுற்றுங்கள். காய்ந்த பிறகு கத்தி முனையால் பிரியை ஆங்காங்கே கிளறினால் வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை போல நிற்கும். பழுப்புச் சாம்பல் நிறம் பூசி, பச்சை நுரைத்தூளைக் கிள்ளி ஒட்டுங்கள். அந்த அடிக்கட்டைகளுக்குள் பெரணிச் செடி முளைத்திருப்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பிறகு மட்டைகளைக் கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி ஒட்டுங்கள். ஒரு மரத்துக்கு முப்பதாவது வேண்டும்.

நடுவதற்கு முன் அளக்க வேண்டும். செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுவார்கள். நமக்கு அது மரத்துக்கு மரம் 60 மில்லிமீட்டர், வரிசைக்கு வரிசை 52 மில்லிமீட்டர். காகிதத்தில் அந்த முக்கோணங்களை வரைந்து துண்டின் மேல் விரித்து, புள்ளிகளில் குத்துங்கள். கண்ணளவில் நட்டால் காடாகத் தெரியும், தோட்டமாகத் தெரியாது.

ஒவ்வொரு மரத்தடியிலும் 12 மில்லிமீட்டர் ஆரத்துக்குப் புல்லைச் சுரண்டிச் செம்மண் தெரிய விடுங்கள். பழம் உதிர்ந்தால் பொறுக்குவதற்காகத் தோட்டத்தில் அந்த வட்டத்தைக் களையெடுத்து வைத்திருப்பார்கள். வெட்டிய மட்டைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் குவித்திருப்பார்கள். மோசமாக வந்த மட்டைகளுக்குப் பழுப்பு நிறம் பூசி அங்கே போடுங்கள்.

ரப்பர் தோட்டமானால் மரம் நேராகவும் தண்டு வெளிறியும் இருக்கட்டும். ஆண்டின் தொடக்கத்தில் அந்த மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும். அந்தக் காலத்தைக் காட்ட நினைத்தால் தரையிலும் உதிர்ந்த இலைபோலச் சிவப்பு நுரைத்தூள் வேண்டும்.

10. தண்ணீர்

புதியவர்கள் ஆற்றுக்கு இரண்டு பாகங்களைக் கலந்து ஊற்றும் பிசின் வாங்கிப் பணத்தைச் செலவிடுகிறார்கள். கிள்ளான் ஆற்றுக்கு அது தேவையே இல்லை. நம் ஆறுகளில் அடித்தரை தெரியாது. தேத்தண்ணீர் நிறத்தில் வண்ணம் பூசி, காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷை மூன்று நான்கு கை மெல்லிதாகப் பூசினால் போதும். ஒவ்வொரு கைக்கும் நடுவே எத்தனை நாள் விட்டாலும் கெடாது.

பழைய ஈயச்சுரங்கக் குட்டைக்கு ஆழம் வேண்டும் என்றால் பிசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். மழை நாளில் ஊற்றினால் மேலே மெழுகுபோல மங்கல் படியும். குட்டையின் அடியில் ஊசித் துளை இருந்தாலும் பிசின் கண்டுபிடித்துவிடும். முதலில் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, நன்றாகக் காயவைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

11. கட்டடங்களும் மனிதர்களும்

கட்டடங்களை மண்ணோடு ஒட்டிவிடாதீர்கள். தூசி தட்டவும் பழுது பார்க்கவும் கழற்ற வேண்டியிருக்கும். அடியில் இரண்டு ஊசிகளைப் பதித்து நுரையில் குத்தி நிறுத்துங்கள், சுவரடியில் தெரியும் இடுக்கை மண்ணாலும் புல்லாலும் மறையுங்கள்.

கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையை மறக்காதீர்கள், நமக்கு அது 10 மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் துரு வழிந்த கோடுகள் கூரைச் சரிவின் திசையில்தான் இறங்க வேண்டும். மனிதர்கள் 11 மில்லிமீட்டர் உயரம். கடைசியில் வையுங்கள், குறைவாக வையுங்கள். என் தளத்தில் ஒன்பது பேர்தான். நான்கு பேர் தூங்குமூஞ்சி மரத்தடிக் கோயிலில் நிற்கிறார்கள். அந்த மரத்தின் விரிவு 20 சென்டிமீட்டர், உண்மையில் 30 மீட்டர்.

12. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும்போது

துண்டுகளை மூடி வைக்கும்போது பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றாதீர்கள், உள்ளே வேர்க்கும். பழைய பருத்தி வேட்டி போதும். மூடியுள்ள பெட்டி என்றால் சிலிக்கா பொட்டலம் போடுங்கள்.

திரும்பி வந்த முதல் நாள் பசையைத் திறக்காதீர்கள். துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை கண்ணில் படும் முன்னே மூக்குக்குத் தெரியும். சிறு பொட்டானால் முகமூடி போட்டுக்கொண்டு ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பெரிதானால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புது நுரை வையுங்கள். பிறகு தண்டவாளத்தைத் துடைத்து ரயிலை நான்கு சுற்று மெதுவாக ஓட்டுங்கள்.

மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்பதைத் துண்டின் அடிப்பக்கம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு சீட்டு எழுதி அங்கே டேப்பால் ஒட்டுகிறேன். வண்ணக் கலவையும் பசை விகிதமும் மூன்று மாதம் கழித்து நினைவில் இருக்காது. இப்போது அங்கே இருக்கும் சீட்டு: 'துண்டு 3. தெற்கு ஓரம், வடிகால் பக்கம். லாலாங் 6 மி.மீ., இரண்டு பங்கு வைக்கோல், ஒரு பங்கு பச்சை. வேலிக்கம்பம் ஏழு நட வேண்டும்.'